பூட்டிக் கிடக்கும் உம்மா வீட்டை என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "கீழக்கரையில் எங்கள் உம்மா வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உம்மா மௌத்தாகிவிட்டார். நான் துபாயில் இருக்கிறேன், லாத்தா (அக்கா) சென்னையில். ஊருக்கு வரும்போது ராமேஸ்வரத்திலும் ஏர்வாடியிலும் கைக்குழந்தையோடு தெருவில் படுத்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். இந்த வீட்டை அவர்களுக்கு ஓர் இல்லமாக மாற்ற முடியுமா? இருபது பேரையாவது தங்க வைக்கலாம். என்ன அனுமதி வேண்டும், எங்கே தொடங்குவது?"

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கரையோரத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்தவள் நான். அந்த உரிமையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். இல்லம் வேண்டாம். வீடாகவே கொடுங்கள். இருபது பேர் என்பதை மறந்துவிட்டு மூன்று தாய்மார், அவர்களுடைய பிள்ளைகள் என்று கணக்குப் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நீங்கள் தெருவில் பார்ப்பவர்கள் சொற்பப் பேர். ராமேஸ்வரத்துக்கு அவர்கள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கோயிலில் அன்னதானம் உண்டு. யாத்திரைக்காரர்கள் ஏதாவது தருவார்கள். ராத்திரி முழுக்க ரயிலும் பஸ்ஸும் வேனுமாக ஆள் நடமாட்டம் இருப்பதால், அக்னி தீர்த்தக் கரையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பெண்களுக்குக் கூட்டம்தான் கதவு.

ஆனால் இந்தக் கரையில் வீடில்லாத தாய்மாரில் பெரும்பாலானவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று மாதம், அங்கே மதினி முகம் சுளித்ததும் சித்தி வீட்டில் இரண்டு மாதம், அப்புறம் வலை போட்டு வைக்கும் கொட்டகையில் சில வாரம், அதற்கப்புறம் யாரோ ஒரு கிழவி வீட்டுத் திண்ணை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் பையன் "அம்மாச்சி வீட்ல இருக்கோம்" என்பான். எந்தக் கணக்கெடுப்பிலும் வீடற்றோர் என்று இவர்கள் பெயர் ஏறாது. நகர்ப்புற வீடற்றோருக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்று அளவுகோல் வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் நகராட்சியே ஏறக்குறைய 60 ஆயிரம் பேர்தான், ராமேஸ்வரம் இன்னும் சிறியது. பெருநகரத்து நடைபாதையை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. வலைக் கொட்டகையில் படுப்பவள் அதற்குள் வரமாட்டாள்.

இவர்கள் எப்படி இந்த நிலைக்கு வருகிறார்கள் என்று பார்த்தால் குடியும் அடியும் ஒன்று. கணவன் இன்னொருத்தியோடு போவது ஒன்று. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கடலோரத்துக்கென்றே தனியாக ஒன்று உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் விதவையா, சுமங்கலியா? சட்டத்தின் கணக்கில் இரண்டும் இல்லை. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். ஊரே அழுத புயல் என்பதால் அது நடந்தது. ஒற்றை வள்ளம் கவிழ்ந்து ஒருவர் போனால் அப்படி எந்த உத்தரவும் வராது. இறப்புச் சான்றிதழ் இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழ் இல்லை, விதவை ஓய்வூதியம் இல்லை. வீடு மாமனார் பெயரில் இருக்கும், இல்லாவிட்டால் பட்டாவே இல்லாத புறம்போக்கில் இருக்கும். கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அறை தேவைப்படும். அவ்வளவுதான், பிள்ளைகளோடு வெளியே.

இங்கே உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மரைக்காயர் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்யாணம் கசந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டியவர் அவர். அந்த வீடுகளில் பெண்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புருஷன் கைவிட்டதால் பிள்ளையோடு தெருவுக்கு வந்த பெண் அந்தக் குடும்பங்களிலிருந்து என்னிடம் வந்ததாக எனக்கு நினைவில்லை. பத்து மைல் தள்ளி, பெண்ணைப் புருஷன் ஊருக்கு அனுப்பும் கிராமங்களிலிருந்து வந்திருக்கிறார்கள், நிறைய. வித்தியாசம் கதவு யார் பெயரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

சரி, ஒரு பெண் இன்று ராத்திரி பிள்ளைகளோடு நிற்கிறாள். என்ன செய்வது? 181க்கு அடியுங்கள், பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளை மட்டும் தனியாக நின்றால் 1098. ஆபத்து என்றால் 112. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒன்று உண்டு, சகி மையம் என்றும் சொல்வார்கள். 2015இல் தொடங்கிய திட்டம். காவல்துறை, மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் அவள் அலையாமல் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் சக்தி சதன். முன்பு சுவாதார் இல்லம் என்று இருந்ததைத்தான் 2022இல் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் இந்தப் பெயருக்கு மாற்றினார்கள். அங்கே மூன்று வருடம் வரை இருக்க வழியுண்டு. படிப்பைத் தொடர நினைக்கும் பெண் என்றால் சமூக நலத்துறையின் அரசு சேவை இல்லங்கள் இருக்கின்றன. இது எல்லாவற்றுக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம்தான் வாசல்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு முள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். பெண்ணுக்கு ஐந்து வயது, பையனுக்கு ஒன்பது. மூன்று ராத்திரியாகத் தூங்காத முகம். ஒரு மஞ்சள் பையில் ஆதார் அட்டைகள், பையனின் மதிப்பெண் அட்டை, ஒரு சீப்பு, பாதி பிஸ்கட் பாக்கெட். நானே கூட்டிக்கொண்டு ஒரு மையத்துக்குப் போனேன். ஊழியர் நல்ல பெண்தான். டீ வாங்கிக் கொடுத்தார், சின்னவளுக்குப் பால். அப்புறம் பையனின் வயதைக் கேட்டார். அன்றைய விதிப்படி பெண் குழந்தை என்றால் எந்த வயதும் தாயோடு தங்கலாம், ஆண் பிள்ளை எட்டு வயது வரைதான். "தம்பிய மட்டும் பசங்க ஹோமுக்கு அனுப்பிடலாம்மா, பக்கத்துலதான்" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அவள் எழுந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் மறுபடி பஸ் ஸ்டாண்டில். காலையில்தான் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் கெஞ்சி இடம் பிடித்தோம்.

ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்ற பெண்களின் பாதுகாப்புக்கென்று போட்ட விதி அது. அப்புறம் வயது வரம்பைக் கொஞ்சம் தளர்த்தியும் விட்டார்கள். ஆனாலும் வரம்பு வரம்புதான். எந்த இடத்துக்குக் கூட்டிப் போனாலும், மூத்த ஆண் பிள்ளை இருந்தால், போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள். வாசலில் வைத்துப் பிரிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டமே குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அடிப்படைக் கொள்கைகளில் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் அதுதான் முதல் வழியாகிவிடுகிறது, ஏனென்றால் பிள்ளைக்கு இல்லம் இருக்கிறது, தாய்க்கும் இல்லம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அறை இல்லை. உங்கள் வீடு அந்த அறையாக இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிட வேண்டும். அடி தாங்காமல் வெளியே வந்த பெண்ணுக்கு இடம் தேடுவதற்கு முன், அவள் வெளியே வரத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். 2005ஆம் வருடத்து குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது, வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும். மாமனார் மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 19ஆவது பிரிவின்படி கணவனை வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. மனு கொடுத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். அறுபது நாளில் முடிந்ததை நான் பார்த்ததில்லை, ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் வாங்க முடியும். பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு போடலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. சிலர் திரும்பிப் போக மாட்டேன் என்பார்கள். அது அவர்கள் முடிவு. ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்து போகாமல் இருப்பதும், தெரியாமல் போகாமல் இருப்பதும் ஒன்றா?

இப்போது உங்கள் அனுமதிக் கேள்விக்கு வருகிறேன். பெண்களையோ குழந்தைகளையோ தங்க வைத்து இல்லம், விடுதி நடத்தினால் 2014ஆம் வருடத்து தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, காவலாளி, விடுதிக் காப்பாளர், கேமரா, பதிவேடுகள் என்று நீளும். தேவையான சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். தாய் இல்லாத பிள்ளைகளையும் சேர்க்க ஆரம்பித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் தனியாகப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். "அம்மா வேலைக்குப் போயிருக்கா, ரெண்டு மாசம் பிள்ளையப் பாத்துக்கங்க" என்று யாராவது விட்டுப் போனால் மனசு இளகி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆதரவில்லாமல் நிற்கும் குழந்தை என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும்.

துபாயில் இருந்துகொண்டு இதையெல்லாம் நடத்த முடியாது, தம்பி. நடத்துவதற்கு ஓர் ஆள் வைப்பீர்கள். அந்த ஆள் நல்லவராக இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் ஒரு நாள் பேப்பரில் வரும். நல்ல மனதோடு தொடங்கிய எத்தனையோ இல்லங்களுக்கு நடந்தது அதுதான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நல்லபடியாக நடக்கும் இல்லத்திலும் ஒரு தாய்க்கு எது இல்லாமல் போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை ராத்திரி பசிக்கிறது என்றால் அடுப்பு அவள் கையில் இல்லை. கடைக்குப் போகக் காப்பாளரிடம் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையை அதட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள், அதட்டாவிட்டாலும் நாலு பேர் சொல்வார்கள். கொஞ்ச நாளில் பிள்ளை எதற்கும் காப்பாளரைத்தான் பார்க்கும், அம்மாவைப் பார்க்காது.

ஆகவே வாடகைக்கு விடுங்கள். குறைந்த வாடகைக்கு, ஆனால் எழுதிக் கொடுத்து. கீழக்கரை வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே உள்ளே அறையாகப் போகும். மூன்று குடித்தனமாகத் தடுக்க முடிகிறதா பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்பு மேடை, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், வெளியே பூட்டும் சாவி. கழிப்பறை இரண்டாவது வேண்டும், அறைகளுக்கு அருகிலேயே, வெளிச்சத்தோடு. தண்ணீருக்கு வழி செய்யாமல் ஒரு குடும்பத்தையும் கூட்டி வராதீர்கள். நம் ஊர்க் கிணறு உப்பு என்று உங்களுக்கே தெரியும், குடிநீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நாம். ஒரு தொட்டி கட்டி, கூட்டுக் குடிநீர் இணைப்பு வாங்கிவிடுங்கள். செலவில் பாதி அதற்கே போகும், போகட்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டப்படி நகரப் பகுதியில் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பலர் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். மாதம் முன்னூறோ ஐந்நூறோ வாங்குங்கள். முழுக்க இலவசம் என்றால் அவள் விருந்தாளி. விருந்தாளியை எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம், அது அவளுக்குத் தெரியும், அதனால் பெட்டியைப் பிரிக்கவே மாட்டாள். இரண்டு வருடம் என்று காலம் போட்டு, ரசீது கொடுத்தால் பிரிப்பாள்.

இந்தக் காகிதத்தின் வேலை அதோடு முடிவதில்லை. முகவரி கிடைத்தால் ஆதாரில் முகவரி மாறும். ஆதார் மாறினால் கணவன் வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து பெயரை எடுத்துத் தனி அட்டைக்கு மனுச் செய்யலாம். அட்டை வந்தால் அரிசி வரும், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வரும். கணவனை இழந்த, கணவனால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் வருடத்துக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். பிள்ளையை இல்லத்தில் சேர்க்காமல் தாயோடு வளர வைக்கத்தான் அந்தப் பணம். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு முகவரி இருக்காது. அவளுடைய வங்கிக் கணக்கு கணவனோடு சேர்ந்த கணக்காக இருந்தால் முதல் வேலையாகத் தனிக் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வருகிற பணம் சாராயக் கடைக்குத்தான் போகும்.

பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு கூடத் தேவையில்லை. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நாளைக்கே கூட்டிப் போய் உட்கார வைக்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவும் உண்டு, மதியச் சத்துணவும் உண்டு. ஒரு தாய்க்கு இரண்டு வேளைக் கவலை குறைகிறது.

அடுத்தது வேலை. இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் தையல் மிஷினை வாங்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். மூலையில் நின்று துருப்பிடித்த மிஷின்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். இந்தக் கரையில் பெண்களுக்குத் தெரிந்த தொழில்கள் வேறு. கருவாடு, நண்டு கம்பெனியில் சதை பிரிப்பது, ஓலை முடைவது, பாசி எடுப்பது. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் அம்மாவுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பார்த்து, விடியுமுன் வள்ளம் ஏறுவார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, பாறையில் முங்கி முங்கிப் பறிப்பார்கள். மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், கட்டிவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை.

இப்படி ஒருத்தி விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? அங்கன்வாடி திறக்கும்போது வெயில் ஏறியிருக்கும். குடும்பத்தோடு இருப்பவளுக்கு மாமியார் இருக்கிறாள், இவளுக்கு யாரும் இல்லை. அதனால் வேலையை விடுவாள், இல்லாவிட்டால் எட்டு வயது மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவாள். என்னிடம் வந்த குடும்பங்கள் மறுபடி சரிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், சாப்பாட்டிலோ துணியிலோ இல்லை. ஆகவே மூன்று அறையில் ஒன்றைப் பிள்ளை இல்லாத, வயதான ஒரு அம்மாவுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வேன். வாடகை வேண்டாம். அதற்குப் பதிலாக விடியற்காலை நாலிலிருந்து பள்ளி திறக்கும் வரை பிள்ளைகளுக்கு ஆள். காப்பாளர் என்று பெயர் வைக்காதீர்கள். பிள்ளைகளே ஆச்சி என்றோ நன்னி என்றோ பெயர் வைத்துக்கொள்ளும். அப்படியானால் தாய்மார் இரண்டு பேர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், இரண்டு பேர்தான். மாடி இருந்தால் மூன்று.

ஏர்வாடியைக் கேட்டிருந்தீர்கள். அது வேறு விஷயம், அவசரப்பட வேண்டாம். தர்காவை நம்பி மனநலம் குன்றியவர்களைக் கொண்டுவந்து விட்டுப்போகும் ஊர் அது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்தக் காப்பகங்கள் பலவும் சாதாரண வீடுகளும் கொட்டகைகளும்தான். மனநலச் சிக்கல் உள்ள தாயைப் பிள்ளையோடு பார்த்தால் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள், சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். தெருவில் திரிபவராக இருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம், அவரை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது 2017ஆம் வருடத்து மனநலச் சட்டப்படி அவர்கள் பொறுப்பு. அதே சட்டத்தில் 21ஆவது பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும்தான் பிரிக்கலாம். வார்டில் இதைச் சொன்னால் முதலில் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், அப்புறம் இடம் ஒதுக்குவார்கள். அவள் தேறி வந்த பிறகு, மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறாள் என்ற நிலையில், உங்கள் அறை அவளுக்கும் ஆகும்.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமையும் சிலர் கேட்பதால் ஒரு வரி. 2022 மார்ச்சில் இலங்கையில் விலைவாசி தாங்காமல் கைக்குழந்தைகளோடு மணல்திட்டில் வந்து நின்ற தாய்மார்கள் உண்டு. அவர்களை வீட்டில் வைக்கும் எண்ணமே வேண்டாம். கடலோரக் காவல், விசாரணை, மறுவாழ்வு முகாம் என்று அது அரசாங்க வழி. உதவ வேண்டுமென்றால் முகாமுக்குள் இருக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவலாம்.

பணத்தைப் பற்றி. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால் உங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் உங்களோடு சேர்ந்து கொடுக்க நினைக்கும் கூட்டாளி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவராக இருந்தால் கதை வேறு. அதை ஒரு டிரஸ்டில் வாங்கினால் 2010ஆம் வருடத்து வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் கணக்கு வேண்டும். மூன்று அறைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் பணத்தோடு நிறுத்துங்கள், டிரஸ்டே தேவையில்லை.

வீட்டு வாசலில் பலகை மாட்டாதீர்கள். பெருநாளுக்கு பிரியாணி கொடுக்கிறேன், பிறந்தநாள் கொண்டாடுகிறேன் என்று வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள், போட்டோ எடுக்க விடவே விடாதீர்கள். தேடி வரும் புருஷன்மாருக்கு முகவரி அப்படித்தான் தெரியவரும். தெருக்காரர்களுக்கு உம்மா வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும். யாரைக் குடிவைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் சமூக நல அலுவலகத்திலும் இப்படி இரண்டு அறை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நாள் முடிந்து, சக்தி சதனில் ஆண் பிள்ளைக்கு இடமில்லாத தாய் ஒருத்தி வரும்போது அவர்களே கூப்பிடுவார்கள். கிராமத்துப் பெண்ணைக் கீழக்கரைக்குக் கொண்டுவந்தால் அவளுக்கு ஊர் புதிது, பாஷையே கொஞ்சம் புதிது. முதல் மாதம் பயப்படுவாள். முதல் வாரம் பலர் கதவில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவார்கள். பாயை நகர்த்திச் சுவரோரம் போட எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்து, யார் தேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போடுவதுண்டு.

தடுப்புச் சுவர் எழுப்ப கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உம்மா வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் வழக்கப்படி பார்த்தால் பத்திரம் லாத்தா பெயரில் இருக்க வேண்டுமே? கேள்வியில் லாத்தா சென்னையில் இருக்கிறார் என்று மட்டும் இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று இல்லை. இன்றைக்கே அவருக்குப் போன் போடுங்கள். அவர் சரி என்று சொன்னால் என்னிடம் சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்.